எங்கள் தீவுக்குப் பெயர் கொடுத்த நகரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள் இருந்த காலம் ஒன்றுண்டு. 1658 ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும், வேலணையை லைடன் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், அனலைதீவை றொட்டர்டாம் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும் தமது படங்களில் எழுதிக்கொண்டனர். எனது ஊராகிய நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட பெயர் டெல்ஃப்ற். அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் அதனைத் தம் மொழியிற் 'பசுத்தீவு' என்றனர். பசுக்கள் மேய்ந்த தீவைப் பசுத்தீவு என்பதில் ஒரு நியாயமாவது உண்டு. டெல்ஃப்ற் என்பதற்கு என்ன நியாயம் என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு, "அது வெள்ளைக்காரன் வைச்ச பேர் பிள்ளை, அவனைத்தான் கேக்க வேணும்" என்று அம்மம்மா சொன்னார்.

ஏனைய தீவுகளின் ஒல்லாந்துப் பெயர்கள் பெரும்பாலும் நூல்களுக்குள் ஒதுங்கிவிட்டன. எங்களுடையது மட்டும் ஒட்டிக்கொண்டது. பிரதேச செயலகத்தின் ஆங்கிலப் பெயரிலும், கடிதங்களின் ஆங்கில முகவரியிலும், தேசப்படங்களிலும் இன்றுவரை அது டெல்ஃப்ற்தான்.

பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் நெதர்லாந்தின் லைடன் நகரிற் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தபோது, தீவுப்பகுதி நண்பர்கள், "அப்போ வேலணைக்குத்தான் படிக்கப் போகிறாய்" என்று கேலி செய்தார்கள். எங்கள் நாட்டில் லைடனிலிருந்து டெல்ஃப்ற்றுக்குப் போவதாயின் பேருந்திலேறி, மிடில்பேர்க்கைக் கடந்து, குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்திருந்து, காற்று அனுமதித்தால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலிற் செல்ல வேண்டும். ஒல்லாந்திலோ லைடனிலிருந்து டெல்ஃப்ற்றுக்குப் புகையிரதத்தில் இருபது நிமிடம். இவ்வளவு அண்மையில் இருந்துகொண்டு போகாதிருத்தல் நெடுந்தீவாருக்கு அழகன்று. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிற் புறப்பட்டேன்.

உடன்வந்தவள் ஜகார்த்தாவைச் சேர்ந்த தோழி. எங்கள் இருவருக்கும் நட்பு ஏற்படக் காரணமாயிருந்தது ஒரு சொல். விடுதிச் சமையலறையில் நான் தேங்காய்ப்பூவுக்கு மிளகாய் இடிப்பதைக் கண்ட அவள், "சம்பலா?" என்றாள். அவளுடைய சம்பலில் தேங்காய் இல்லை. எனினும் சொல் ஒன்றே. இந்நாட்டுக் கடைகளிலும் போத்தல்களில் அடைத்துச் 'சம்பல்' என்றே விற்கிறார்கள். மூன்று நாட்டாருக்கும் பொதுவாக எஞ்சியது அந்தக் காரம் ஒன்றுதான் என்பது அவளது கட்சி.

டெல்ஃப்ற் நிலையத்திற் புகையிரதம் நிலத்தின் கீழ் வந்து நிற்கின்றது. படிகளில் மேலேறிய பயணி தலையை நிமிர்த்தினால், 2015 இல் திறக்கப்பட்ட அந்நிலைய மண்டபத்தின் விதானம் முழுவதும் ஒரு தேசப்படமாக விரிகின்றது. 1877 ஆம் ஆண்டைய நகரப் படத்தை நீலமும் வெள்ளையுமாகப் பெருப்பித்துத் தலைக்கு மேலே பரப்பியிருக்கிறார்கள். தெருக்கள், கால்வாய்கள், கோயில்கள் எல்லாம் அதில் உள. ஊரவர் அண்ணாந்து பாராமல் அவசரமாகச் செல்ல, நாங்கள் இருவரும் கழுத்து நோகுமட்டும் பார்த்து நின்றோம். தம்மூரின் படத்தைத் தாமே வரைந்து, தம் தலைக்கு மேலே தாமே தொங்கவிட்டுக்கொள்ளும் உரிமை எவ்வளவு பெரியது என்று எனக்குப் பட்டது. எங்கள் தீவின் பழைய படங்களெல்லாம் கப்பலில் வந்தவர்கள் கரையைப் பார்த்து வரைந்தவை. அவற்றிற் கரையோரம் நுணுக்கமாகவும் நடுப்பகுதி வெறுமையாகவும் இருக்கும். எங்கள் வீடு அந்த வெறுமையிலேதான் இருக்கின்றது.

ஊரின் பெயர்க் காரணத்தையும் அங்கேயே அறிந்தேன். 'டெல்வன்' என்றால் ஒல்லாந்த மொழியில் தோண்டுதல். மனிதர் தோண்டிய வாய்க்கால் ஒன்றின் கரையில் எழுந்தமையால் இவ்வூர் டெல்ஃப்ற் ஆயிற்று. 'பழைய டெல்ஃப்ற்' என்னும் அவ்வாய்க்கால் இன்றும் நகரின் நடுவே பச்சை நீரோடு கிடக்கின்றது. எங்கள் தீவிலோ ஆறுமில்லை, வாய்க்காலுமில்லை. மாரியிற் கேணிகளில் தேங்கும் நீரும், உவர் கலவாத சில கிணறுகளுமே எங்கள் செல்வம். அத்தகைய மண்ணுக்கு 'வாய்க்கால்' என்று பெயரிட்டுச் சென்றிருக்கிறார்கள்!

அந்த வாய்க்காற் கரையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய மனை நிற்கின்றது. 1602 இல் நிறுவப்பட்ட அக்கம்பெனிக்கு அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், டெல்ஃப்ற், றொட்டர்டாம், ஹோர்ன், என்க்கவுசன் ஆகிய ஆறு நகரங்களிற் கிளைகள் இருந்தன. இவற்றுள் முதல் நான்கும் எங்கள் தீவுகளின் பெயர்களாயிருத்தலைக் கவனிக்க. லைடனும் ஹார்லெமும் மாத்திரம் இவ்வரிசையில் இல்லை. வாய்க்காற் கரையில் நின்று விரல்விட்டு எண்ணியபோது, பங்காளிகள் காணி பிரித்தாற்போல முதலாளிகளின் ஊர்ப்பெயர்களைத் தீவுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்ற எண்ணமே மேலோங்கியது. அந்த மனையின் உயரமான சாளரங்களுக்குப் பின்னால் இருந்து ஆண்டாண்டாகக் கணக்கெழுதியவர்களுள் ஒருவரேனும் 'டெல்ஃப்ற் தீவு' என்ற பதிவைக் கண்டு ஒருகணம் பேனாவை நிறுத்தியிருப்பாரா என்று யோசித்தேன்.

அடுத்துப் 'பழைய கோயில்' என்னும் தேவாலயம். அதன் கோபுரம் கண்ணுக்குத் தெரியச் சரிந்து நிற்கின்றது. உள்ளே ஓவியர் வெர்மீரின் கல்லறையும், நுண்ணுயிர்களை முதன்முதலிற் கண்ட லீவன்ஹூக்கின் கல்லறையும் உள. இருவரும் 1632 ஆம் ஆண்டு, சில நாள் இடைவெளியில், இதே ஊரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனால் 1632 ஒக்டோபரில் இவ்வூரில் ஞானஸ்நானம் பெற்ற மூன்றாவது குழந்தை ஒன்றையும் யாழ்ப்பாணத்தார் நாம் நினைக்க வேண்டும். அக்குழந்தையே பிலிப்புஸ் பல்தேயுஸ். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பாதிரியாராகி, 1658 இற் படையோடு யாழ்ப்பாணம் வந்து, மக்களிடையே சில ஆண்டுகள் வாழ்ந்து, தமிழ் கற்றவர். மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1672 இல், அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. தமிழ் எழுத்துக்களை ஐரோப்பிய வாசகருக்கு அச்சிற் காட்டிய ஆரம்ப நூல்களுள் அதுவும் ஒன்று. எங்கள் தீவுகளை ஒல்லாந்துப் பெயர்களோடு காட்டும் யாழ்ப்பாணப் படம் ஒன்றும் அதில் உண்டு.

பேராதனை நூலகத்தில் அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் புரட்டியபோது எனக்கு அவர்மீது கோபமே மிகுந்திருந்தது. எங்கள் கோயில்களையும் சடங்குகளையும் அவர் எழுதும் தொனி அத்தகையது. எனினும், தமது பிறந்த ஊரின் பெயர் தாங்கிய இன்னோர் ஊரைக் கடலுக்கு அப்பாற் கண்டபோது அந்த அநாதைப் பிள்ளைக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை அத்தேவாலயத்தின் குளிரில் நின்றபோதுதான் முதன்முறையாக எண்ணினேன். கோபம் நீங்கிற்று என்று சொல்லமாட்டேன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து அமர்ந்துகொண்டது. நான் நடந்த வழிகளில் வெர்மீரின் பெயர் கோப்பிக் கடைகளிலும் இனிப்புப் பெட்டிகளிலும்கூட இருந்தது. பல்தேயுஸின் பெயரை ஓரிடத்திலும் காணவில்லை.

மத்தியானம் சந்தைச் சதுக்கத்தை அடைந்தோம். ஒருபுறம் நகரமண்டபம், மறுபுறம் 'புதிய கோயில்'. நடுவே, 1886 இல் எழுப்பப்பட்ட ஹியூகோ குறோசியஸின் சிலை. சர்வதேச சட்டத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் இவர் 1583 இல் இந்நகரிற் பிறந்தார். உல்லாசப் பயணிகள் அவர் காலடியிலிருந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தனர். நாங்களும் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம்.

இம்மனிதரைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1603 இற் சிங்கப்பூருக்கு அருகே போர்த்துக்கேயரின் பெருங்கப்பல் ஒன்றை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அச்செயலுக்குச் சட்ட நியாயம் எழுதித்தரும் பணி, எம்மைப்போல் இருபதுகளில் நின்ற குறோசியஸிடம் வந்தது. அவர் எழுதியதன் ஒரு பகுதியே 1609 இல் வெளிவந்த 'சுதந்திரக் கடல்' என்னும் சிறுநூல். கடல் காற்றைப்போல எல்லார்க்கும் பொது, அதனை எவரும் உடைமையாக்க முடியாது என்பது அதன் வாதம். அதே நூலில், யாவா, இலங்கை, மொலுக்காஸ் முதலிய தீவுகளுக்கு எக்காலமும் தத்தம் அரசரும் சட்டங்களும் இருந்துவந்துள்ளமையால், அவற்றைக் கண்டுபிடித்தோம் என்று கூறிப் போர்த்துக்கேயர் உரிமை கொண்டாடல் செல்லாது என்றும் அவர் நிறுவுகின்றார். அவர் இதை எழுதிய காலத்தில் நல்லூரில் அரசன் ஒருவன் இருந்தான். போர்த்துக்கேயரின் பிடியில் எனினும் இருந்தான். 1619 இல் அவ்வரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. நூல் வெளிவந்து 49 ஆண்டுகளில் குறோசியஸின் சொந்த நாட்டுக் கம்பெனியே யாழ்ப்பாணத்தைத் தனதாக்கி, தீவுகளுக்குப் பெயரும் சூட்டியது. போர்த்துக்கேயருக்குச் செல்லாத உரிமை ஒல்லாந்தருக்கு மட்டும் எவ்வாறு செல்லும்? இவ்வினாவைக் கேட்கக் குறோசியஸ் உயிரோடு இல்லை. 1645 இலேயே இறந்துவிட்டார். இருந்திருந்தாலும் கேட்டிருப்பாரோ தெரியாது. அவர் வழக்கறிஞர், வழக்குக் கொடுத்தது கம்பெனி.

சாப்பிட்டவாறே இக்கதையைத் தோழிக்குச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "1619 இல் எங்களுக்கும் அதுதான் நடந்தது. ஜயகார்த்தாவை எரித்து, அதன் மேல் பத்தாவியா என்று ஒரு நகரைக் கட்டினார்கள். நாங்கள் 1942 இல் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். நீங்கள் மட்டும் ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்றாள்.

உடனே விடை சொல்ல இயலவில்லை. பின்னர் சொன்னேன்: நாங்கள் வைத்திருக்கவில்லை. ஊரிலே எவர் வாயிலும் அப்பெயர் வருவதில்லை. படகிலேறும் எந்தக் கிழவியும் 'டெல்ஃப்ற்றுக்குப் போறன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது காகிதத்தின் பெயர். வாய்க்கு வாய் வந்த பெயர் நெடுந்தீவு ஒன்றே. "அப்படியானால் காகிதம் யாருடையது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அரசறிவியல் படிக்கும் பிள்ளைகளோடு சுற்றுலா வருவதில் இதுவொரு தொல்லை.

ஆனால் அச்சிலையின் கீழ் என் மனத்தை அலைத்தது பெயரன்று, கடல். கடல் எல்லார்க்கும் பொது என்று இவர் எழுதினார். எங்கள் தீவாருக்குக் கடல்தான் தெரு. அத்தெருவிலே, 1985 மே 15 ஆம் நாள், குமுதினிப் படகிற் சென்றுகொண்டிருந்த எம்மவர் இருபதுக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முந்திய நாள் அது. ஆயினும் மாவிலித்துறையிலுள்ள நினைவுத்தூபியைத் தாண்டாமல் நான் ஒருமுறையேனும் படகேறியதில்லை. யுத்தகாலத்தில் மீன்பிடிக்க எவ்வளவு தூரம், எத்தனை மணிவரை போகலாம் என்பதை வேறொருவர் தீர்மானித்தார். குறோசியஸின் பொதுக்கடலில் வணிகக் கப்பல்களுக்கு இடமிருந்தது. அக்கரைக்குப் போகும் ஒரு தாயும் பிள்ளையும் அவருடைய வாதத்தில் எங்கே வருகிறார்கள் என்று தேடினேன்.

இன்னொன்றும் உண்டு. கடல் அளவிறந்தது, மீன்பிடித்தலால் அது குறைந்துவிடாது என்பது அவர் வாதத்தின் ஒரு தூண். இதனை என் தகப்பனார் கேட்டால் சிரிப்பார். இந்தியாவும் இலங்கையும் 1974 இலும் 1976 இலும் கடலெல்லையை வகுத்துக்கொண்டன. எல்லை கோட்டில் இருக்கின்றது; இரவில் மறுகரையிலிருந்து வரும் றோலர்கள் கடலின் அடிவரை வாரிக்கொண்டு போகின்றன. எங்கள் நாட்டில் இழுவைமடித் தொழில் 2017 இற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. காலையில் அறுந்த வலையோடு கரைக்கு வருபவனுக்கு அச்சட்டம் வலை தைத்துக் கொடுப்பதில்லை. மறுகரையாரும் தமிழரே, அவர்களுக்கும் வயிறு உண்டு. இதனால் வழக்கு இன்னும் சிக்கலாகின்றதே தவிர எளிதாவதில்லை. பொதுவானது என்றால் பெரிய படகு உடையவனுக்கே உரியது என்று பொருள்படுமாயின், அச்சொல்லை நாம் ஐயத்தோடே கேட்க வேண்டும்.

புதிய கோயிலின் கோபுரத்தில் 376 படிகள். பேராதனைக்கு வரும்வரை மேடு என்பதையே அறியாத நெடுந்தீவுப் பிள்ளைக்கு ஹந்தானை கொடுத்த பயிற்சி இங்கே உதவிற்று. தோழி பாதியில் இருந்துவிட்டாள். உச்சியிலிருந்து நோக்கினால் நாடு தட்டையாக விரிகின்றது. ஒருபக்கம் ஹேக், மறுபக்கம் றொட்டர்டாம். அந்தத் தட்டையான தன்மையை மாத்திரம் எங்கள் தீவுக்குச் சற்று ஒப்பிடலாம். எங்கும் பச்சை, எங்கும் நீர். எங்களூரிற் சுண்ணாம்புச் சாந்தின்றிப் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் வளவுகளைப் பிரிக்கின்றன. இங்கே வயல்களைப் பிரிப்பவை வாய்க்கால்கள். காற்று மட்டும் ஒன்றாயிருந்தது. சோளகத்தைப்போல முகத்தில் அறைந்தது, ஆனால் குளிர்ந்து.

வெர்மீர் நிலையத்தைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மூல ஓவியம் ஒன்றேனும் இன்று டெல்ஃப்ற்றில் இல்லை. முப்பத்தேழு ஓவியங்களின் பிரதிகளை மூல அளவிற் காட்டுகிறார்கள். 'புவியியலாளர்' என்னும் ஓவியத்தின் முன் மட்டும் நெடுநேரம் நின்றேன். அறிஞர் ஒருவர் சாளரத்தருகே, கையிற் கவராயத்துடன் வெளியே நோக்குகின்றார். அவருக்குப் பின்னே அலுமாரிமேல் ஓர் உருண்டை. அதில் ஓவியர் திருப்பி வைத்திருக்கும் பகுதி இந்து சமுத்திரம்.

மாலையில் வாய்க்காற் கரையிற் பழம்பொருள் விற்போர் மேசைகளைப் பரப்பியிருந்தனர். நீலநிறச் சித்திரம் தீட்டிய பழைய ஓடுகளை விற்ற முதியவர் ஒருவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். டெல்ஃப்ற்றிலிருந்து என்றேன். "நானும்தான்" என்று சிரித்தார். கைத்தொலைபேசியில் தேசப்படத்தைத் திறந்து, பாக்கு நீரிணையில் எங்கள் தீவைப் பெருப்பித்துக் காட்டினேன். கண்ணாடியை மாற்றி அணிந்துகொண்டு அவர் அப்பெயரை வாய்விட்டு வாசித்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள். எத்தனை பேர் இருக்கிறார்கள்? சில ஆயிரம். வாய்க்கால் உண்டா? இல்லை. பின் என்ன உண்டு? பனை, பவளக்கல், ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்து இன்று கட்டாக்காலியாய்த் திரியும் மட்டக்குதிரைகள், பெருக்கமரம். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்பெயரை வைத்தவர்களுக்கு வீட்டு நினைவு வந்திருக்க வேண்டும்" என்றார்.

இரக்கமுள்ள விளக்கம், வாய்க்காற் கரையின் கணக்கு வரிசையைக் காலையிற் பாராதிருந்தால் நானும் அதை ஏற்றிருப்பேன். ஆயினும் அவரோடு வாதாட மனம் வரவில்லை. இந்த நீல ஓடுகளும் பாத்திரங்களும்கூடச் சீனத்து மண்பாண்டங்களைப் பார்த்துச் செய்யத் தொடங்கியவையே என்றும், சீனச் சரக்கு வருவது தடைப்பட்ட காலத்திலேதான் தம்மூர்த் தொழில் ஓங்கியது என்றும் அவரே சொன்னார். இப்போது உலகம் அதை 'டெல்ஃப்ற் நீலம்' என்கின்றது. கப்பல் தீட்டிய ஓடு ஒன்று அழகாயிருந்தது. விலையை இலங்கை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்தேன். புதிய கோயிலின் கோபுரம் அச்சிட்ட தபாலட்டை ஒன்றை வாங்கிக்கொண்டேன். அதற்கு அவர் காசு வாங்க மறுத்தார். எங்கள் ஊரின் மற்றப் பெயரைத் தமக்குச் சொல்லும்படி மட்டும் கேட்டார். 'நெடுந்தீவு' என்பது ஒல்லாந்த நாவுக்கு எளிதன்று. மூன்றாம் முறையிற் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார்.

நிலையத்து விதானத்தின் கீழே, வாங்கு ஒன்றில் இருந்து அட்டையை எழுதினேன். அம்மம்மாவின் பெயரையும் வட்டாரத்தையும் எழுதி, 'நெடுந்தீவு' என்று தமிழில் எழுதினேன். அதனோடு நிறுத்தினால் அட்டை இந்நாட்டு எல்லையையும் தாண்டாது என்று தோழி சொன்னாள். அதன் கீழே ஆங்கிலத்தில் டெல்ஃப்ற் என்றும், அதன் கீழே இலங்கை என்றும் எழுதினேன். அனுப்புநர் ஊரும் பெறுநர் ஊரும் ஒன்றாயிருத்தலைத் தோழி படம் பிடித்துக்கொண்டாள்.

அட்டை ஐந்து வாரங்களின் பின் காலைப் படகில் வந்து சேர்ந்தது. அன்றிரவு தொலைபேசியில் அம்மம்மா, "படத்திலை உள்ளது வெளிச்சவீடோ பிள்ளை? நல்ல உசரம். எங்கடை கடலுக்கும் அப்பிடி ஒண்டு வேணும்" என்றார். பிறகு, அங்கே மீன் என்ன விலை போகிறது என்று கேட்டார்.